லயத்துக்கு வயரிங் பாஸ் வந்த மழைக்காலம்

நீங்களும் என் வயதுதான். அதனால் குப்பி லாம்பைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் மூக்கைச் சிந்தினால் விரலில் கரி ஒட்டும். அந்தக் கரியோடுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடம் போனோம். பள்ளத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோர் மட்டும் ராத்திரி முழுக்கப் பகலைப் போல எரிந்துகொண்டிருக்கும். அங்கே கரண்டு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மேட்டிலிருந்த நம் லயங்களுக்கு மட்டும் அது ஏறி வரவில்லை.

போன மாதம் என் மகன் புது வீட்டுக்கு வயரிங் செய்ய ஒரு சிநேகிதனைக் கூட்டிவந்தான். "தம்பிக்கு லைசன் இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "எல்லாம் வீடியோ பாத்தே கத்துக்கிட்டான்மா" என்றான் மகன். அவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். எங்கள் லயத்துக்கு ஒரே நீளத் தகரக் கூரை. அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் லயம் முழுக்க மணக்கும்; ஒரு வீட்டில் புருசன் பெண்டாட்டி சண்டை வந்தால் எல்லாருக்கும் தூக்கம் போகும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா வீடு. அம்மாவின் சொந்த அண்ணன். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். தீபாவளிக்கும் தேருக்கும்தான் வருவார். அதனால் எனக்கு ஆண்பிள்ளைக் குரல் என்றால் அது சுவருக்கு மேலால் வரும் மாமாவின் குரல்தான்.

மாமா ஸ்டோரில், அதற்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்குக் கீழே, மோட்டர் பக்கம் வேலை. யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் அவரிடம்தான் வரும். அதன் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு, அது ஏதோ சேட்டை செய்த பிள்ளை என்பது போலத் திட்டிக்கொண்டே சரிசெய்வார். பற்றரி தீர்ந்துவிட்டால் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு வாரம் ஓட்டித் தருவார். என்னை "மருமகளே" என்றுதான் கூப்பிடுவார். லயத்தில் அவருக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

அந்த வருடம் மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு சாயங்காலம், மாமா எங்கள் அடுப்படியில் குந்தியிருந்தார். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஏதோ பகிடி சொல்லிக்கொண்டே அடுப்பிலிருந்த ரொட்டிக்கல்லை வலது கையால் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார். பிடித்த கையை எடுக்கவில்லை. பகிடியின் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு வாடை வந்தது. ரொட்டி கருகுகிறது என்று நினைத்தேன்.

அம்மா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். விரல் நுனிகள் வெள்ளையாக வெந்துபோயிருந்தன. மாமாவின் முகத்தில் அந்தப் பகிடிச் சிரிப்பு அப்படியே இருந்தது. தன் விரலைப் பார்த்த பிறகுதான் அது போயிற்று.

"எப்ப இருந்துண்ணே இப்பிடி?"

"ஸ்டோருல மோட்டர் ஸ்டார்ட்டருல கரண்டு அடிச்சிச்சில்ல, அதுலருந்து. இந்த மூணு வெரலும் தெரிய மாட்டேங்குது."

"டிஸ்பென்சரியில காட்ட வேண்டியதுதானே?"

"காட்டுனா டீமேக்கரு ஐயா காதுக்குப் போயிரும். அப்புறம் என்னய மலைக்கு அனுப்பிருவாங்க. புல்லு வெட்டிக்கிட்டுத்தான் கெடக்கணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லாத தங்கச்சி. ஒங்க அண்ணிக்கும் தெரியாது. சத்தியம் பண்ணு."

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். கையில் இருந்த கோதுமை மா என் தலைமயிரில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் தலைவர் சொன்னார், லயத்துக்கு லயம் கரண்டு தரப் போகிறார்களாம். கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது கரண்டு ஆபீஸ் வேலை. வீட்டுக்குள் வயரிங் செய்துகொள்வது நம் பாடு. வேலை சரி என்று லைசன் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குக் கரண்டு. அதற்கும் தலைவர் ஒரு வழி வைத்திருந்தார். வயரிங்கை நம் ஸ்டோர்க்காரரே, அதாவது மாமாவே, எல்லா வீட்டுக்கும் செய்துவிடுவார். டவுனில் லைசன் உள்ள ஒருவர் இருக்கிறார். அவர் மலையேறி வரமாட்டார், இருந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தருவார்.

லயமே குதித்தது. மழை பிடித்திருந்த நேரம் அது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆண்கள் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த பெண்கள் காம்பரா முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று, எந்த இடத்தில் பல்பு தொங்க வேண்டும் என்று கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவை அந்த நாட்களில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் வயர்ச் சுருளை மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு லயத்தின் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடப்பார். முதலில் தன் காம்பராவுக்கு வேலையை முடித்தார். பிறகு ஒரு வெள்ளை ஹோல்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அடுத்தது ஒன் வீடுதான் தங்கச்சி. மருமக படிக்கிற எடத்துல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுக்கு வேணாண்ணே. நான் வெளிய ஆளு பாக்குறேன்."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு விளங்கியது. மாமாவின் மனைவி, என் அத்தை, உள்ளேயிருந்து வந்தார்.

"கூடப் பொறந்தவரு கைவேலைய நம்பாம வெளிய ஆளா? புருசன் கொழும்புல இருக்கவும் கண்ணு தலைக்கு மேல போயிருச்சு!"

அம்மாவால் பதில் சொல்ல முடியாது. காரணத்தைச் சொன்னால் சத்தியம் போய்விடும். மாமா ஹோல்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மற்ற வீடுகளுக்கு வயரிங் செய்யப் போனார். அவர் கையை வைத்துத்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று அவருக்குப் பிடிபடாமல் இருந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பிடிபட்டிருக்கும். ஆனால் தன் விரல்களைப் பற்றித் தானே நம்பாத ஒன்றைத் தங்கச்சி நம்புகிறாள் என்பதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நோர்வூட்டுக்கு பஸ் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. டவுனில் ஆணி, பெயின்ட், வயர் எல்லாம் விற்கும் கடை ஒன்றுக்குள் போனோம். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். ரப்பர், பெயின்ட் வாடைக்கு நடுவில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வயரிங் செய்ய லைசன் உள்ள ஆளு யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு பேரு ஈக்கிறாங்க தங்கச்சி. ஒருத்தரு வேலையப் பாக்காமலே கையெழுத்துப் போடுவாரு. மத்தவரு வந்து பாத்துட்டு, போட மாட்டேன்னும் சொல்லுவாரு. ஒங்களுக்கு யாரு வேணும்?"

"போட மாட்டேன்னு சொல்றவரு" என்றாள் அம்மா.

முதலாளி டீக் கோப்பையைக் கீழே வைத்து அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

அவர்தான் வயரிங் பாஸ். கைவேலைக்காரரைப் பாஸ் என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம்தானே. சிங்களவர், வலப்பனைப் பக்கத்தில் பிறந்து நோர்வூட்டில் கல்யாணம் கட்டியவர். ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பித்தானையும் பூட்டியிருப்பார். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு வசனமும் 'தானே' என்று முடியும். அம்மாவை 'நங்கி' என்றார், தங்கச்சி என்கிற மாதிரி. சொன்ன நாளில், மழையில், தோலால் ஆன ஒரு பையோடு மேட்டில் ஏறி வந்துவிட்டார்.

வேலை செய்ய அவருக்கு அவசரம் இல்லை. வந்ததும் ஆணி அடிக்கவில்லை. முதலில் கூரையைப் பார்த்தார். எங்கெங்கே ஒழுகுகிறது என்று கேட்டு, சாக்கட்டியால் சுவரில் குறி போட்டார். அந்தப் பக்கம் வயர் போகாது என்றார். அடுப்புப் புகை ஏறும் இடத்தைக் கேட்டார். பின்பக்கம் ஈர மண்ணில் ஒரு நீளக் கம்பியை அடித்து இறக்கினார். அது எதற்கு என்று அம்மா கேட்டாள். "கரண்டு தவறி வெளிய வந்தா, அது போக ஒரு பாதை வேணும் தானே. பாதை இல்லாட்டி மனுசன் ஊடாத்தான் போகும்." மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய பெட்டியை மாட்டி, ஏதாவது பிழை நடந்தால் இது தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடும் என்றார்.

லயத்துச் சனம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. "ரெண்டு பல்பு மாட்ட இவ்வளவு சடங்கா?" என்றார் ஒருவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டில் இருப்பது கேட்டது. இருமிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்த பிறகு பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே இருந்த இடைவெளியையே பார்த்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பார் என்று நான் நினைத்தேன்.

"நங்கி, இது ஒரு கூரை தானே."

"ஆமாங்க பாஸ்."

"உங்க காம்பரா இப்ப சரி. அங்கால காம்பராவில நெருப்பு வந்தா, இந்தச் சுவர் நிப்பாட்டாது தானே. அந்த வேலையும் நான் பாக்க வேணும்."

அம்மா அப்போது எப்படி நின்றாள் என்பது எனக்கு இன்றும் தெரிகிறது. தன் வீட்டை மட்டும் சரியாகச் செய்துகொண்டால் அண்ணனையும் காப்பாற்றலாம், பிள்ளையையும் காப்பாற்றலாம் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கு அந்த இடத்தில் முறிந்துபோனது. வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டிருக்கலாம். இஸ்தோப்பில் இறங்கி, அத்தனை பேர் பார்க்க, அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, பாஸ் ஒங்க வீட்டு வேலையையும் பாக்கணும்னு சொல்றாரு."

மாமா வெளியே வந்தார். "பாக்கட்டுமே. எனக்கென்ன பயம்? நல்லாப் பாக்கட்டும்."

பாஸ் உள்ளே போய் ஒரு ஹோல்டரின் மூடியைக் கழற்றினார். வயரை மெதுவாக, சும்மா தொட்டுப் பார்ப்பது போல இழுத்தார். அது அவர் கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. மெயின் சுவிச்சிலும் ஒன்று வந்தது.

"அது… அது கொஞ்சம் லூசா இருந்திருக்கும்" என்று மாமா சிரித்தார். ஸ்க்ரூவைத் திரும்பப் பூட்ட ஒரு தடவை வைத்தார், விழுந்தது. குனிந்து எடுத்தார். திரும்பவும் விழுந்தது. பாஸ் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் ரொட்டிக்கல் வைத்த தழும்பு இன்னும் இருந்தது.

"கரண்டு அடிச்சதா அய்யா?" என்று கேட்டார். குரலில் ஏளனம் எதுவும் இல்லை. "எனக்குத் தெரியும். என்னோட வேலை பாத்த ஆளுக்கும் இப்படித்தான். இறுக்கினது கைக்குத் தெரியாது தானே."

மாமா நிமிர்ந்து அம்மாவைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது ஒன்றே ஒன்று: நீ சொல்லிவிட்டாய். அம்மா தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவர் அதைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாஸ் எங்கள் லயத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. எல்லாக் காம்பராவையும் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் போடுவேன் என்றார். அவர் மறுத்த லயத்துக்கு டவுன்காரரும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவர் ஒருவர், காம்பராக்கள் பல, மழையோ விட்டபாடில்லை. இதற்கிடையில் மேல் லயத்தார் மாமா செய்த வயரிங்குக்கே டவுன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கரண்டும் எடுத்துவிட்டார்கள். அந்தி நேரத்தில் அவர்கள் ஜன்னல்கள் மஞ்சளாக எரிவதை எங்கள் இஸ்தோப்பிலிருந்து பார்ப்போம். பீலியில் தண்ணி பிடிக்கப் போனால் அம்மாவுக்கு இடம் விடமாட்டார்கள். "ஒன்னாலதான் நாங்க இருட்டுல கெடக்கோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல் லயத்தில் கடைசிவரை எதுவும் நடக்கவில்லை. அந்த வயரிங் பல வருடம் நன்றாகத்தான் எரிந்தது. அம்மா செய்தது சரிதான் என்று காட்ட ஒரு நெருப்பும் வரவில்லை. வராமல் போனதே நல்லது. ஆனால் சில ஆட்கள் செய்கிற சரியான காரியத்துக்குச் சாட்சியே கிடைப்பதில்லை என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

எங்களுக்குக் கரண்டு கடைசியாகத்தான் வந்தது. முதல் பல்பு எரிந்தபோது யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் சுவரைப் பார்த்தோம். இத்தனை கறுப்பான சுவருக்குள்ளா இருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் தலையில் நரை இருந்ததும் அந்த வெளிச்சத்தில்தான் முதலில் தெரிந்தது. மறுநாளே அவள் சுவருக்குப் பூசச் சுண்ணாம்பு கரைத்துவிட்டாள்.

அதற்கெல்லாம் முன்பு, லயம் இன்னும் இருட்டில் இருந்த அந்த நாட்களில்தான் நான் பெரியவளானேன். நம் வழக்கப்படி, தாய்மாமன் பச்சைக் கொப்புகள் வெட்டிவந்து குச்சு கட்ட வேண்டும். அதற்குள்தான் பெண் இருக்க வேண்டும். அம்மா அடுத்த வாசலுக்குச் செய்தி சொல்லியனுப்பினாள். அத்தை, "அவரு வேலைக்குப் போயிட்டாரு" என்றார். உள்ளே அவர் இருமியது எங்கள் பக்கம் கேட்டது. அம்மா ஒரு பழைய சேலையை மூலையில் குறுக்காகக் கட்டி என்னை அதற்குப் பின்னால் உட்காரவைத்தாள்.

சேலைக்குப் பின்னால் இருந்தால் வேறு வேலை இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கலாம். தகரத்தில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் மாமா அத்தையிடம் பேசுவது கேட்டது.

"டீமேக்கரு ஐயாகிட்ட நானே போயிச் சொல்லிட்டேன். இனிமே மறைச்சு என்ன? ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"ஐயையோ, என்னா சொன்னாரு? மலைக்குத்தானா?"

"சிரிச்சாரு. 'எனக்கு அப்பவே தெரியும்டா. ஒன்னய ஏன் கரண்டு போர்டு கிட்ட விடாம பெல்ட்டுக்கு எண்ணெ போட வச்சிருக்கேன்னு நெனச்ச?'ன்னாரு."

அத்தை ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒரு ஒசத்தி குடுக்க மனசில்லாமத்தான் அப்பிடி வச்சிருக்காருன்னு நான் வைஞ்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் மாமா.

இந்தப் பக்கம் அம்மா மா பிசைந்துகொண்டிருந்தாள். சேலையின் ஓரத்தால் பார்த்தேன். அவள் கை நின்றுபோயிருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த ஒன்று, தெரிய வேண்டியவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. இன்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பெரியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஒரே விசயத்தை மூடி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவர் வாய் திறந்து கேட்டிருந்தால் போதும்.

மறுநாள் அம்மா வெற்றிலைத் தட்டோடு அவர் வாசலில் போய் நின்று சடங்குக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். தட்டை அத்தை வாங்கிக்கொண்டார். மாமா வருவாரா, மாட்டாரா என்று லயம் முழுக்கப் பேச்சாக இருந்தது. மாமன் சீர் இல்லாமல் தண்ணி ஊற்றினால் அந்தப் பெண்ணுக்குக் காலமெல்லாம் ஒரு பெயர் நின்றுவிடும் என்று கிழவிகள் என் காது படவே சொன்னார்கள். அப்பா கொழும்பிலிருந்து வந்திருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு முழுதாக விளங்கவில்லை. இஸ்தோப்பில் பாய் விரித்துக்கொண்டே இருந்தார்.

சடங்கு அன்று காலையில், மழை தூறிக்கொண்டிருக்க, மாமா வந்தார். தலையில் சீர்த் தட்டு. பின்னால் குடை பிடித்தபடி அத்தை. வாசலில் அம்மா எதிரே போனாள்.

"நான் சொல்லலண்ணே. பாஸுகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லல. இந்தப் புள்ள மேல சத்தியமா."

"தெரியும்." தட்டை இறக்கிவைத்தார். "நீ சொல்லியிருக்கணும் தங்கச்சி."

அம்மா அவரையே பார்த்தாள்.

"ஒன் வீட்டுக்கு மட்டும் வேணாம்னு சொன்னியே. மத்தவங்க வீட்டுலயும் புள்ளைங்க படுக்குதுல்ல? என் வீட்டுலயும் படுக்குதுல்ல? சத்தியம் வாங்குனவன் முட்டாளு. நீயாவது அத மீறியிருக்கணும்."

அம்மா தலை குனிந்தாள்.

தண்ணி ஊற்றி, புதுச் சேலை கட்டி என்னை மணையில் நிறுத்தினார்கள். மாமன் கொண்டுவந்த மெல்லிய சங்கிலியை மாமன் கையால்தான் போட வேண்டும். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். கழுத்தில் சங்கிலி குளிர்ந்தது. கொக்கியை வளையத்தில் மாட்டப் பார்த்தார், நழுவியது. மீண்டும் பார்த்தார். சுற்றி நின்ற பெண்கள் குலவை போடத் தயாராக இருந்தார்கள். குலவை வாயிலேயே நின்றது. மாமாவின் மூச்சு என் தோளில் பட்டது. சும்மா விட்டால் யாராவது ஒரு பகிடி சொல்லி அதைக் கடத்திவிட்டிருப்பார்கள்.

"எனக்கு வெரலு மரத்துப் போச்சு" என்றார் மாமா, இஸ்தோப்புக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "கரண்டு அடிச்சதுலருந்து தெரியவே தெரியாது. கொக்கி பிடிபடல. தங்கச்சி, நீ வந்து மாட்டிவிடு. நான் பிடிச்சுக்கிறேன்."

அம்மா வந்தாள். நான் முன்னால் பார்த்தபடி நின்றதால் அவர்கள் முகங்களைப் பார்க்கவில்லை. என் பிடரியில் இருவர் கைகளும் பட்டன. கொக்கி வளையத்தில் விழுந்த சின்னச் சத்தம் கேட்டது. மாட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கைகள் விலகவில்லை.